பதினேழாம் எண் போகமாட்டேன் என்கிறது

அக்காள் பெற்ற அருமை மகளுக்கு மாமன் எழுதுவது. இங்கு நலம், அங்கும் நலம் என்று வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன். இனி எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று என் பல்லின்மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்.

பல் மருத்துவமனையில் நீ மாட்டிய டோக்கன் போர்டை, உன் முதல் வேலையை, ஒரு வாரத்துக்கு என்னிடம் ஒப்படைத்துப் போனாய். அதை ஓட்டும் புரோகிராம் மூடியதும், அது திறந்த ஜன்னல்களை, அதாவது எண் தெரியும் கட்டங்களை, திரையே அழித்துவிட வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தாய். எனக்கு மனசு கேட்கவில்லை. போனவனுடைய சாமானை அன்றைக்கேவா தெருவில் எறிவது? ‘ஆள் போனாலும் ஜன்னல் இருக்கட்டும்’ என்று மாற்றினேன். திங்கட்கிழமை பதினேழாம் எண்ணைக் கூப்பிட்ட கையோடு புரோகிராம் படுத்துவிட்டது. திரும்ப ஓட்டினேன். புதியது பதினெட்டு என்றது; பக்கத்திலேயே செத்ததன் ஜன்னல், ஆளில்லாத வீட்டில் எரியும் விளக்குபோல, ‘17, உள்ளே வரவும்’ என்று நின்றது. மூடினேன், திறந்தேன், மூட மூட மிச்சம் சேர்ந்து, மதியத்துக்குள் நாற்பதாயிரம் ஜன்னல்கள். பாரம் தாங்காமல் சுவர் ஒரு சாண் சாய்ந்தது.

பதினேழாம் எண்காரர் ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா. எழுத்தில் இருப்பதை மீறாதவர். மறுபடி உள்ளே போனார்.

“ஐயா, இப்பத்தானே ஒரு பல்லு புடுங்கினேன்?” என்றார் டாக்டர்.

“போர்டுல இருக்கே. உங்க போர்டை நீங்களே மதிக்கலேன்னா எப்படி?”

“பல்லு போயிடுச்சேய்யா!”

“அப்ப அடுத்ததைப் பாருங்க.”

முப்பத்திரண்டும் தீர்ந்ததும், தம்பி வாயிலாவது பல் இருக்கிறதே என்று அவரை அழைத்துவர ஆளனுப்பினார் குமாஸ்தா. டாக்டர் கை ஓய்ந்து வெளியே வந்து, “மூணு மணிக்குள்ள பதினேழு போகணும். இல்லேன்னா போர்டைக் கழட்டி உங்க அக்கா பொண்ணுகிட்டயே கொடுத்துடுவேன். எனக்குக் கையால அடிக்கிற மணி போதும்” என்றார்.

உன் முதல் வேலை பறிபோக இன்னும் பத்து நிமிடம். பிளக்கைப் பிடுங்கலாமென்று திரைக்குப் பின்னால் தலையை விட்டேன். அங்கே உன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: “மாமா, அந்த வரியை மாத்துவீங்கன்னு தெரியும். செத்த புரோகிராமைத் தேடாதீங்க. அது விட்டுட்டுப் போன ஒரு ஜன்னலுக்குத் திரை வச்சிருக்கிற நம்பரைத் திரைக்கே சொல்லி, இந்த ஆளோடது எல்லாத்தையும் அழின்னு சொல்லுங்க. வரியைப் பழையபடி வைங்க. அப்புறம் எதையும் தொடாதீங்க.” செத்தது ஒவ்வொன்றுக்கும் ஒரு முறையாக நாற்பதாயிரம் முறை சொன்னேன். மூன்று அடிக்கும்போது திரையில் பதினெட்டு மட்டும் இருந்தது. சுவரும் நிமிர்ந்தது.

நீடூழி வாழ்க. வேலை பெருகட்டும். அக்காளிடம் இதைக் காட்டாதே.

இப்படிக்கு,
எதையும் தொடாத மாமன்

பி.கு.: மேலே கண்டதில் குமாஸ்தா இல்லை, தம்பி இல்லை, சுவர் சாயவில்லை, டாக்டர் கெடு வைக்கவுமில்லை. மிஞ்சியது ஒரே ஒரு ஜன்னல். ஆனால் பதினேழாம் எண் டோக்கன் என் சட்டைப்பையில் இருந்தது. போர்டு இரண்டாம் தடவை கூப்பிட்டது, போனேன், இன்னொரு பல்லையும் பிடுங்கிவிட்டார். அந்தப் பல் அதுவரை வலித்ததே இல்லை.