ஏசுதாசன் சாருக்கு ஆகாதது

"சார், கொஞ்சம் வாயத் திறந்து சொல்லுங்க. உங்களுக்கு ஆகாதது எதாவது இருக்கா?"

ஆஷா இதோடு நாலாவது தடவையாகக் கேட்கிறாள். பெனிசிலின் ஊசி ட்ரேயில் தயாராகக் காத்திருந்தது. கட்டிலில் கிடந்த ஏசுதாசன் சார் ஊரப்பாக்கத்துக்காரர், ரிட்டையர்டு தமிழ் வாத்தியார். வலது கால் முழங்காலுக்குக் கீழே சிவந்து வீங்கி, காய்ச்சல் நூற்றுமூன்றில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் கொண்டுவந்து மேற்குத் தாம்பரத்து நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டு வேலைக்கு ஓடிவிட்டார். சாருடைய பல்செட் மேஜைமேல் டம்ளருக்குள் கிடந்தது.

கேட்காமல் ஊசி போட ஆஷாவுக்கு என்ன பைத்தியமா? போன மாதம் ஒருவருக்கு அப்படித்தான் போட்டாள். மனுஷன் உடம்பெல்லாம் தடித்துப்போய்க் குதித்தார். மேட்ரன் புஷ்பம் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சு, திருமுடிவாக்கத்துப் பட்டறைல உங்கப்பாகூட போல்ட் திருகப் போயிடு." இந்தச் சனிக்கிழமையோடு ஆஷாவின் ஆறு மாத ப்ரொபேஷன் முடிகிறது. அதுவரைக்கும் தப்பித்தால் வேலை நிரந்தரம்.

அட்மிஷன் தாளில் முதல் கட்டம், சொந்தக்காரர் பெயர். அதைக் கேட்டதற்கு சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி, அப்புறம் பார்த்துக்கலாம் என்று இரண்டாவது கட்டத்துக்கு வந்திருந்தாள்.

"எதாவது ஆகாதா சார்?"

"ஆகாது," என்றார் சார், பல் இல்லாத வாயால். "பென்னிசெலின்."

ஆஷாவின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கேட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று!

"என்ன பண்ணுச்சு சார்?"

"ஒரே நாள்தாம்மா. உடம்பெல்லாம் எரிஞ்சுது. மூச்சே அடைச்சுப் போச்சு. மூணு வருஷமாச்சு."

"ஐயையோ!"

"யார் சொன்னாலும் சரி, உள்ள விடாதே."

"என் உசிரே போனாலும் விடமாட்டேன் சார்."

நோயாளி சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்பது மேட்ரனின் சட்டம். அதிலும் இவர் தமிழ் வாத்தியார். அவர் உச்சரிப்பைத் திருத்த ஆஷா யார்? சிவப்பு மார்க்கரால் ஓர் அட்டையில் எழுதி அறைக் கதவில் மாட்டினாள். அட்டை சின்னது, எழுத்து பெரியது. மருந்துப் பெயரே இரண்டாக உடைந்து, 'ஆகாது'வோடு மூன்று வரிக்குப் போய்விட்டது.

டாக்டர் சம்பந்தம் வந்து அட்டையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தக் காலுக்கு அந்தக் குடும்பத்து மருந்துதான் கேக்கும். ஒண்ணுவிட்ட சொந்தம் ஒண்ணு இருக்கு, செஃபலோஸ்போரின். அதையாவது தாங்குவாரான்னு கேளு."

ஆஷா சாரின் காதருகே குனிந்தாள். "சார், அந்தக் குடும்பமே வேணாமா? ஒண்ணுவிட்ட சொந்தம்னா பரவாயில்லையா?"

சார் தலையணையிலிருந்து எழுந்தே விட்டார். "அந்தக் குடும்பத்து வாடையே எனக்கு வேண்டாம்!"

டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு கிளிண்டாமைசின் எழுதினார். மறுநாள் மத்தியானத்துக்குள் சாருக்குப் பதினோரு தடவை வயிற்றால் போனது.

"இன்னா சிஸ்டர், இது மருந்தா, பேதி மாத்திரையா?" என்று வந்து நின்றாள் ஆயா முத்தாலம்மாள். கோவளத்துக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். "எத்தினி தபாதான் பெட்ஷீட் மாத்துறது? பெரிய பேஜாரா கீது."

கிளிண்டாமைசின் நின்றது. டாக்ஸிசைக்ளின் வந்தது. அதற்குச் சட்டதிட்டம் அதிகம். நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கிவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். பால் கூடாது. வெயில் ஆகாது. ஆஷா ஜன்னல் திரையை இழுத்து மூடி, சாரை நேராக உட்கார வைத்து, எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வகுப்புல பையன்களை நான் இப்படித்தான் உட்கார வச்சேன்," என்றார் சார் பரிதாபமாக. "கர்த்தர் கணக்குத் தீர்க்கிறார்."

இத்தனை செய்தும் காய்ச்சல் இறங்கவில்லை. ஆஷாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வியாழக்கிழமை கதவைத் திறந்தால், முத்தாலம்மாள் சாருக்குப் பால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறாள்!

"ஐயோ அக்கா! பால் குடுத்தா மருந்து உடம்புல ஏறாது! யார் குடுத்தது இத?"

"எனக்கு இன்னா தெரியும்? டெய்லி ஒரு பொண்ணு கொண்டாந்து குடுக்குது. கூட ஒரு ஆளு. உள்ள வாங்கன்னா, கதவு வரிக்கும் வந்துட்டு, கண்ணத் தொடச்சிக்கினு ஓடிடுதுங்க."

"சில பேருக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது அக்கா," என்றாள் ஆஷா. அவளுக்கு அவள் கவலை. மார்க்கரை எடுத்து அட்டையின் அடியில் 'பாலும் ஆகாது' என்று சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை வீக்கம் முழங்காலைத் தொட்டுவிட்டது. டாக்டர் வான்கோமைசினுக்குப் போனார். டிரிப்ஸில் மெதுவாக, ஒன்றரை மணி நேரம் இறங்க வேண்டிய மருந்து. ஆஷா சொட்டுச் சொட்டாக எண்ணி வைத்துவிட்டு, பக்கத்து அறையில் ஜுரம் பார்த்துவிட்டு வருவதற்குள் பாட்டில் பாதி காலி. சாரின் முகமும் கழுத்தும் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்து, மனுஷன் பறபறவென்று சொறிந்துகொண்டிருந்தார்.

"சார்! யார் இந்த டிரிப்ஸ் சக்கரத்தத் திருகினது?"

"நான்தான். சீக்கிரம் முடிஞ்சா உனக்கும் ஓய்வு கிடைக்குமேன்னு."

டிரிப்ஸை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டாள். சத்தம் கேட்டு மேட்ரனும் வந்துவிட்டார்.

"இதுவும் ஆகலியா?" மேட்ரன் அட்டையைப் பார்த்தார், ஆஷாவைப் பார்த்தார். "நாளைக்கு சனிக்கிழமை. ஞாபகமிருக்கில்ல?"

ஆஷாவுக்கு அழுகை முட்டியது. என்ன தப்பு செய்தாள்? கேட்டாள், எழுதினாள், காவல் நின்றாள். எல்லாம் சரியாகச் செய்தும் எல்லாம் தப்பாகிறதே, இது என்ன கூத்து!

டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். "வேகமா இறங்குனதுல வந்த சிவப்பு, அது அடங்கிடும். ஆனா கால் தாங்காது. பெனிசிலின் மட்டும் ஒத்துக்கிட்டிருந்தா இந்நேரம் நடந்து வீட்டுக்குப் போயிருப்பார். இனிமே பெரிய ஆஸ்பத்திரிதான். கால எடுக்கக்கூட வேண்டி வரலாம். சொந்தக்காரங்க கையெழுத்து வாங்கு."

காலியாகக் கிடந்த அந்த முதல் கட்டத்தை நீட்டினாள் ஆஷா. சார் சுவரையே பார்த்தார்.

"கையெழுத்துப் போட எனக்கு ஒருத்தரும் இல்லம்மா," என்றார்.

அப்போதுதான் ஆஷாவுக்குக் கஞ்சி கொண்டுவரும் பெண் நினைவுக்கு வந்தாள். கஞ்சி கொடுக்கிறவள் ஒரு கையெழுத்துக் கொடுக்க மாட்டாளா?

"அக்கா, அவங்க கீழ வந்திருப்பாங்க. கையோட கூட்டிட்டு வாங்க."

முத்தாலம்மாள் போனாள். ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கத் தனியாகத் திரும்பி வந்து, கதவில் தொங்கிய அட்டையைக் கழற்றி ஆஷாவின் கையில் திணித்தாள்.

"வர மாட்டேங்குதுங்க சிஸ்டர், 'எங்க ரெண்டு பேர் பேரையும் செவப்புல கொட்ட எழுத்துல போட்டு ஆகாதுன்னு மாட்டிக்கீறீங்க, நேத்து நாங்க குடுத்த பாலும் ஆகாதுன்னு சேத்துட்டீங்க, இன்னும் எந்த மூஞ்ச வச்சிக்கினு உள்ள வர்றது'ன்னு அழுவுதுங்க, சாரோட புள்ள பேரு பென்னியாம், மருமவ பேரு செலினாம்!"