சான்றிதழ் வயதில் கப்பல் ஏறிய நரிக் குடும்பம்

ஒரு காட்டில் குணசீலன் என்றொரு நரி இருந்தது. நரி என்றதும் தந்திரம் எங்கே என்று தேடாதீர்கள். தன்னிடமிருந்த தந்திரம் அத்தனையையும் அது பிள்ளைகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போதே செலவழித்துவிட்டது.

அந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் குழப்பம் வேண்டாம். அந்தக் காட்டுப் பள்ளிக்கூடத்தில் நான்கு வயது முடிந்த குட்டிக்குத்தான் இடம். மூத்த குட்டி மகிழினிக்கு அப்போது இரண்டு வயது.

"வீட்டுல சும்மா இருந்து என்ன பண்ணப் போகுது? ரெண்டு வருஷம் முன்னாடி படிச்சா ரெண்டு வருஷம் முன்னாடி வேலைக்குப் போயிடும். கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்" என்று தலைமையாசிரியர் ஆந்தையிடம் குணசீலன் குழைந்தது.

ஆந்தைக்கு இதெல்லாம் பழக்கம். ஜூன் ஒன்று என்று ஒரு தேதியைப் போட்டு, பிறந்த வருடத்தில் இரண்டைக் குறைத்து எழுதிக்கொண்டது. அந்தக் காட்டில் பாதி விலங்குகளுக்கு ஜூன் ஒன்றுதான் பிறந்தநாள். அன்றைக்குக் கேக் கடையில் நிற்க இடமிருக்காது. இளைய குட்டி ரித்விக்குக்கும் இதே கைங்கரியம் நடந்தது. ஆக, இந்தக் கதை நடக்கும்போது மகிழினிக்கு நிஜத்தில் பதினாறு, சான்றிதழில் பதினெட்டு. ரித்விக்குக்கு நிஜத்தில் பத்து, சான்றிதழில் பன்னிரண்டு.

பிளஸ் டூ முடித்த மகிழினி இன்னும் மூன்று வாரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் விடுதிக்குப் போகவேண்டும். வேட்டை நுழைவுத்தேர்வுக்கு ஒரு வருடப் பயிற்சி. அங்கே போன் வைத்துக்கொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து நிமிடம் வீட்டோடு பேசலாம். வாரத்துக்குப் பத்தே நிமிடமா என்று அம்மா நரி வடிவு புலம்பிக்கொண்டே இருந்தது. போன வருடம் முழுக்க மகள் தன்னிடம் பேசியதைச் சேர்த்துப் பார்த்தாலும் பத்து நிமிடம் தேறாது என்பது வேறு கதை. கதவைச் சாத்திக்கொள்ளும், காதில் எதையாவது மாட்டிக்கொள்ளும், கேட்டால் "ஒண்ணுமில்ல" என்னும். மகிழினி என்ற பெயருக்கும் அந்த முகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

குட்டி போவதற்குள் நாலு நாள் தன் பக்கத்தில் இருக்கவேண்டும், நாலு வார்த்தை பேசவேண்டும். வடிவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"கப்பல்ல போலாங்க" என்றது வடிவு.

"எதுக்குக் கப்பல்? குன்றுக்குப் போனா ஆகாதா?"

"நடுக்கடல்ல ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறேன்னு கிளம்ப முடியாதுல்ல."

குணசீலன் உடனே குகைவாசிகள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டது: 'சொகுசுக் கப்பலில் போனவர்கள் சொல்லவும். ஸ்கூல் பையன் ஒன்று, டீன்ஏஜ் பெண் ஒன்று. எந்தக் கப்பல் நல்லது?' போய் வந்தவர்களைக் கேட்காமல் அந்தக் காட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மயில் எண்பத்து நான்கு படங்கள் அனுப்பியது. எல்லாவற்றிலும் மயில் இருந்தது, கப்பல் ஒன்றில்கூட இல்லை. 'தண்ணி நல்லா இருந்துச்சு' என்று எருமை எழுதியது. 'கூட்டமா இருக்கும்னு பயமுறுத்துனாங்க. எங்க பக்கத்துல யாருமே வரலையே' என்று முள்ளம்பன்றி எழுதியது. குரங்கு குட் மார்னிங் படம் போட்டது.

சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று நால்வரும் பயண ஏஜெண்ட் ஆமையின் அலுவலகத்துக்குப் போனார்கள்.

"அவசரப்படாமப் பாருங்க" என்று சொல்லி ஆமை முதல் கப்பலின் படத்தை எடுத்துப் போட்டது. அதை எடுப்பதற்கே மதியமாகிவிட்டது.

முதல் கப்பலில் சறுக்கு மரம் பதினொன்று, எந்நேரமும் ஐஸ்கிரீம். ரித்விக் துள்ளியது. மகிழினி அரை நொடி பார்த்தது. "வாத்து வேஷம் போட்டு ஒருத்தர் வந்து எல்லாருக்கும் கை குடுப்பாராம். நான் வரல."

"வேஷமில்லம்மா, அது வாத்துதான்" என்றது ஆமை.

"அப்பவும் வரல."

இரண்டாவது கப்பலில் பாறை ஏறலாம், ஆடலாம், முழு சிக்னல் உண்டு. மகிழினி முதன்முறையாக "ம், ஓகே" என்றது. ஆனால் பன்னிரண்டுக்குக் கீழே இருக்கும் குட்டிகள் பெற்றோர் பக்கத்தில் கை கட்டி உட்காரவேண்டுமாம். ரித்விக் தரையில் விழுந்து உருண்டது. ஆமையின் அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு பாய் விரித்திருந்தது.

மூன்றாவது கப்பலின் பெயர் நீலாம்பல். "இதுல எல்லாருக்கும் எல்லாம் இருக்கு" என்றது ஆமை. ஆறு முதல் பதினொன்று வரை ஒரு தளம், பன்னிரண்டு முதல் பதினேழு வரை ஒரு தளம், பெரியவர்களுக்கு ஒரு தளம். ஒவ்வொரு தளத்துக்கும் தனிச் சாப்பாடு, தனி விளையாட்டு, தனிப் பாட்டு. ஒரு தளத்து ஆள் இன்னொரு தளத்துக்குள் போகமுடியாது.

"அப்ப நாங்க நாலு பேரும் எப்ப சேர்ந்து இருப்போம்?" என்று வடிவு கேட்டது.

"அதாம்மா இந்தக் கப்பலோட சிறப்பே! போன வாரம் ஒரு கரடிக் குடும்பம் போயிட்டு வந்துச்சு. இறங்கும்போதுதான் பிள்ளைங்களைப் பார்த்தாங்களாம். எப்படி நன்றி சொன்னாங்க தெரியுமா?"

வடிவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் தயிர்சாதம் உண்டா என்று மட்டும் கேட்டுத் தெளிந்த குணசீலனும், இரண்டு குட்டிகளும் நீலாம்பல்தான் என்று ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் குடும்பம் ஒரே குரலில் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்ததால் வடிவால் மறுக்கமுடியவில்லை. தூங்குவதற்காவது நாலு பேருக்கும் ஒரே அறை, கேட்டால் எக்ஸ்ட்ரா மெத்தை உண்டு என்று ஆமை ஆறுதல் சொன்னது.

வயதுக்குச் சான்றாகப் பள்ளிச் சான்றிதழ் நகல் கேட்டார்கள். குணசீலன் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தது. இத்தனை வருடம் எல்லா விண்ணப்பத்திலும் அந்தத் தேதியையே எழுதி எழுதி, அதற்கே அது நிஜமாகிப் போயிருந்தது. இதுதான் நம் நரி செய்த பிழை. உலகத்தை ஏமாற்றுகிறவர் ஒரு ஓரமாகவாவது உண்மையைக் குறித்து வைத்துக்கொள்ளவேண்டும்.

புறப்படும் நாள் வந்தது. கப்பல் வாசலில் வெள்ளைச் சீருடை போட்ட கொக்கு நின்று ஒவ்வொருவர் காலிலும் பட்டை கட்டிக்கொண்டிருந்தது. ரித்விக்குக்கு நீலப் பட்டை கட்டியது. "பன்னிரண்டு வயசு. டீன்ஸ் தளம். என்ஜாய் பண்ணுங்க தம்பி."

ரித்விக் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டது. மகிழினிக்குக் காவிப் பட்டை வந்தது.

"இது என்ன கலர்?"

"பெரியவர்கள் தளம்மா. பதினெட்டுலேர்ந்து ஆயுசு வரைக்கும்."

"சார், எனக்குப் பதினாறுதான்!"

"சான்றிதழ்ல பதினெட்டும்மா."

"அப்பா! சொல்லுங்கப்பா!"

குணசீலன் வாயைத் திறந்தது. வரிசையில் நாலு பேருக்குப் பின்னால் தலைமையாசிரியர் ஆந்தை பெட்டியோடு நின்றுகொண்டிருந்தது. குணசீலன் ஆந்தையைப் பார்த்தது. ஆந்தை தலையை முழுவதுமாக முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டது. குணசீலன் வாயை மூடிக்கொண்டது.

கொக்கு நல்ல கொக்கு. "வேற ஏதாவது ஆதாரம் இருந்தாலும் காட்டுங்க. பிறந்தப்ப ஆஸ்பத்திரியில தடுப்பூசி அட்டை குடுத்திருப்பாங்களே, அது போதும். இப்பவே நீலம் மாத்திடறேன்."

வடிவு கைப்பைக்குள் கையை விட்டது. அட்டை அங்கேதான் இருந்தது. மூத்த குட்டியின் தடுப்பூசி அட்டையைப் பதினாறு வருடமாகப் பையில் வைத்துச் சுமக்கிற ஜாதி அது. விரல் அட்டையின் ஓரத்தைத் தொட்டது. வெறுங்கை வெளியே வந்தது.

"வீட்டுல விட்டுட்டு வந்துட்டேங்க" என்றது வடிவு.

பெற்ற தாய் இப்படிப் பொய் சொல்லலாமா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கமாட்டேன்.

முதல் நாள் மகிழினி யாரோடும் பேசவில்லை. பெரியவர்கள் தளத்தில் சிக்னல் கிடையாது. காலை ஆறு மணிக்குச் சிரிப்பு யோகா, பதினொரு மணிக்கு மோர், நாலு மணிக்குத் தம்போலா. குணசீலன் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு குடியேறிவிட்டது. மகிழினி சாய்வு நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. முதுகாவது பக்கத்தில் இருக்கிறதே என்று வடிவு பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் காட்டெருமை டாக்டர் மூட்டுவலியைப் பற்றி உரையாற்றியது. கூட்டம் பாதி தூங்கிவிட்டதால், விழித்திருந்த ஒரே ஆளைப் பார்த்துக் கேட்டது: "நீங்க சொல்லுங்கம்மா. குளிர்காலத்துல முட்டி எப்படி வலிக்குது?"

மகிழினி சுற்றிலும் பார்த்துவிட்டு எழுந்து, "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது டாக்டர். பேரப்பிள்ளைங்களைத் தூக்கவே முடியல" என்றது.

டாக்டர் அதை அக்கறையாகக் குறித்துக்கொண்டது. வடிவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மகிழினி அம்மாவைப் பார்த்தது, அதற்கும் அடக்கமுடியவில்லை. இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் தூங்கியவர்கள் விழித்துக்கொள்ள, கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே கம்பியில் சாய்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டே இன்னும் அரை மணி நேரம் சிரித்தார்கள். காரத்தில் கண்ணீர் வேறு. அப்போதுதான் மகிழினி சொன்னது.

"எனக்கு ஹாஸ்டல் போகப் பயமா இருக்கும்மா."

"ஏன்டி இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னா அப்பா, 'நீ எல்லாரையும் விட ரெண்டு வருஷம் முன்னாடி இருக்கே, விட்டுடாத'ம்பாரு. எங்கம்மா முன்னாடி இருக்கேன்? கிளாஸ்ல எல்லாரும் என்னை விட ரெண்டு வயசு பெரியவங்க. அவங்க ஒரு தாவுல தாண்டுற ஓடையை நான் மூணு தாவு தாவணும். எல்.கே.ஜி.லேர்ந்து ஓடிட்டே இருக்கேன். எனக்கு மூச்சு வாங்குது."

வடிவு கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்தது. மகள் கதவைச் சாத்திக்கொண்டதெல்லாம் திமிர் என்று நினைத்திருந்தது அது. உள்ளே ஒரு குட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது என்று தெரியாமல் போய்விட்டதே என்று தன்மீதே கோபம் வந்தது.

அதற்குப் பிறகு மகிழினி பேசியது, பேசியது, அப்படிப் பேசியது. யாரோடு சண்டை, எந்த டீச்சர் அநியாயம், கணக்கு ஏன் பிடிக்காது, முன்பல் ஏன் பிடிக்காது என்று சாயங்காலம் வரை. இதற்கிடையில் ரித்விக் ஒருமுறை அறைக்கு வந்து போனது. தலைமுடியை ஜெல் போட்டுத் தூக்கி நிறுத்தியிருந்தது. "என்ன ப்ரோ, சாப்டியா?" என்று அப்பாவை விசாரித்தது. குணசீலனுக்கு அன்றைக்குத் தயிர்சாதம் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் வடிவுக்கு மனசு உறுத்த ஆரம்பித்தது. அது அட்டையை எடுத்து மகள் கையில் வைத்தது.

"பொய் சொல்லிட்டேன்டி. இது என்கிட்டயேதான் இருந்துச்சு. இன்னும் ஒரு நாள் இருக்கு. கொக்கு சார்கிட்ட காட்டிட்டு உன் வயசுப் பிள்ளைங்களோட போய் இரு."

மகிழினி அட்டையை வாங்கித் திரும்பப் பைக்குள்ளேயே போட்டது. "மொத நாளே தெரியும். சார்ஜர் தேடறப்ப பார்த்தேன்."

"அப்புறம் ஏன்டி போகல?"

"அங்க யாரையும் எனக்குத் தெரியாது. இங்க நீ இருந்தே."

வடிவு அழுதது. "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று மகிழினி பல்லைக் கடித்தது. ஆனால் தள்ளி உட்காரவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் வடிவு யாரிடமும் சொல்லாமல் மலையைத் தாண்டி விடுதிக்குப் போனது. அங்கே வார்டன் ஓநாய். பதினேழு வயது முடிந்தவர்களுக்கே அனுமதி என்று அதன் தலைக்கு மேலேயே பலகை தொங்கியது. வடிவு தடுப்பூசி அட்டையை மேஜைமீது வைத்தது.

"ஐயா, எம்பொண்ணுக்குப் பதினாறுதான் ஆகுது."

"சான்றிதழ்ல பதினெட்டுன்னு இருக்கே?"

"அது பொய்ங்க. உண்மையை மறைச்சுப் பிள்ளையைச் சேர்க்க என் மனசாட்சி இடம் குடுக்கல."

ஓநாய் எழுந்து நின்றுவிட்டது. இருபது வருட வார்டன் வேலையில் இப்படியொரு நேர்மையை அது பார்த்ததில்லையாம். பொய்ச் சான்றிதழ் பற்றி வெளியே மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்து, அடுத்த வருடம் பெண்ணுக்கு நிச்சயம் இடமுண்டு என்று எழுதிக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பியது.

விஷயம் தெரிந்து குணசீலன் தலையில் அடித்துக்கொண்டது. "கஷ்டப்பட்டுச் சேர்த்து வச்ச ரெண்டு வருஷம்! அதுல ஒண்ணு போச்சே!"

"போகலங்க. இப்பத்தான் வந்திருக்கு" என்றது வடிவு.

அந்த ஒரு வருடத்தில் மகிழினி என்ன சாதித்தது என்று கேட்கிறீர்களா? பதினொரு மணி வரை தூங்கியது. அம்மாவோடு பேசியது, அம்மாவோடு சண்டை போட்டது, மறுபடி பேசியது. ஓடையைத் தாவாமல், தண்ணீரில் இறங்கி நடந்து கடந்தது. யாருக்கும் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பதினாறு வயதில் இருந்தது, அவ்வளவுதான்.

நீதி: பிள்ளை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு பிறந்த தேதிகளாவது கைவசம் வைத்திருங்கள். அவற்றில் ஒன்று உண்மையாக இருந்துவிட்டாலும் பாதகமில்லை.