மாப்பிள்ளையை முந்திய கம்பி

சொந்தக் கையால் ஒரு பொருளைச் செய்து முடித்தவனிடம் யாரும் நல்ல புத்தி சொல்லக் கூடாது. காதில் ஏறாது. எனக்கு ஏறவில்லை.

சிம்பாங் அம்பாட்டில் எங்கள் வீட்டில் ஒரு பழைய ஆமைமுதுகுக் கார் உண்டு. இன்ஜின் பின்னால் இருக்கும்; தண்ணீர் கேட்காது, காற்றிலேயே ஆறிக்கொள்ளும். அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு கார்புரேட்டர் மாட்டினேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் இரண்டும் ஒன்றாகத் திறக்க வேண்டுமே? நடுவிலிருந்து இரு பக்கமும் இழுக்கும் கம்பியை நானே வரைந்து, நானே அறுத்து, நானே ராவிச் செய்தேன். (சுங்கை ஊடாங்கில் பைப் வேலை பார்ப்பவனுக்கு இந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி?) தினமும் காலையில் இன்ஜினைக் கிளப்பி, எங்கள் தாமான் குடியிருப்பை ஒரு சுற்று சுற்றுவேன். தையல் மிஷின் மாதிரி ஓடும்.

தங்கை கவிதாவின் கல்யாணம் வந்தது. தங்கா பத்து கோயிலுக்குப் பெண்ணை அழைத்துப்போக மாமா தன் காரைத் தருவதாகச் சொன்னார்.

"டேய் குமரா, என் புது காரு சும்மாதான் நிக்குது, எடுத்துக்க லா."

"வேணாம் மாமா. என் தங்கச்சி என் கார்லதான் போவா."

அம்மா ஒரே ஒரு சட்டம் போட்டார். பெண் ஏறிய வண்டியை வழியில் அணைக்கக் கூடாது, சகுனம் ஆகாது. "அணையாதும்மா!" என்றேன். அந்த வாக்கை மட்டும் கார் காப்பாற்றியது.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பினோம். பாதி தூரம் ராஜ மரியாதை. அப்புறம் ஆக்சிலேட்டரிலிருந்து நான் காலை எடுத்தும் வேகம் குறையவில்லை. சிக்னலில் கிளட்சை மிதித்தேன், இன்ஜின் அலறியது. பக்கத்து மோட்டார்சைக்கிள்காரன் என்னோடு ரேஸுக்கே தயாராகிவிட்டான்.

"அண்ணே, ஏன் இப்படி மிதிக்கிற?" என்றாள் கவிதா.

"நான் மிதிக்கவே இல்ல லா!"

"அப்ப ஆஃப் பண்ணு!"

"ஆஃப் பண்ணக் கூடாது!" முன்சீட்டில் இருந்த அம்மா சாவியைக் கையால் பொத்திக்கொண்டார்.

கோயில் வீதியில் விஷயம் முற்றியது. முன்னால் மாலையும் குடையுமாக மாப்பிள்ளை சரவணன், நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை உள்ளே போன பிறகுதான் பெண் வர வேண்டும், அதுதான் முறை. அரைக் கிளட்சில் ஊர்ந்தேன். கிளட்ச் கருகும் வாடை; இதற்குமேல் ஊர முடியாது. அலறலில் நாதஸ்வரம் அமுங்கிப்போனது. தவில்காரர் திரும்பிப் பார்த்து "அலாமாக்!" என்று ஒதுங்க, ஊர்வலமே இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. "சோரி மாப்ள!" என்று கத்திக்கொண்டே அவரைத் தாண்டிப் போனேன்.

வாசலில் மாப்பிள்ளைக்காக ஆரத்தித் தட்டோடு நின்ற சித்தி, யாருக்குச் சுற்றுவது என்று புரியாமல் காருக்குச் சுற்றிவிட்டார். அம்மா சாவியிலிருந்து கையை எடுத்தார்.

"இப்ப ஆஃப் பண்ணிக்க."

வியர்த்து விறுவிறுத்து மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். கூடவே வந்த அவருடைய பெரியம்மா முகத்தைச் சுளித்தார். "பொண்ணுக்கு என்னம்மா இவ்ளோ அவசரம்?"

என் திமிருக்கு, புகுந்த வீட்டில் காலெடுத்து வைக்கும் முன்பே என் தங்கை பேச்சு வாங்குகிறாளே! தலை குனிந்து நிற்க வேண்டிய கவிதா நிமிர்ந்தாள்.

"அவசரம் எனக்கு இல்ல பெரியம்மா, காருக்கு. எங்கண்ணன் சொந்தமா செஞ்சது. ஓட வச்சிட்டான், நிக்க வைக்கத்தான் இன்னும் கத்துக்கல."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். பெரியம்மாவும் சிரித்துவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று அந்தக் கோயிலில் என்னைவிடப் பெருமையாக நின்றவன் யாரும் இல்லை, மாப்பிள்ளை உட்பட.

காரணம் பிறகுதான் புரிந்தது. சூடேறினால் அந்த இன்ஜின் இரு பக்கமும் மயிரிழை அகலும். என் கம்பி நீளாது. பிடிவாதமாக நின்று, நான் மிதிக்காமலேயே இரண்டு கார்புரேட்டரையும் இழுத்துத் திறந்துவிட்டது. ஆறிய இன்ஜினிலேயே சோதித்த மேதைக்கு இது எங்கே தெரியும்? இன்ஜினோடு சேர்ந்து நகரும்படி வேறொன்று செய்து மாட்டினேன். அதுவும் சொந்தத் தயாரிப்புதான். இன்றுவரை தையல் மிஷின்.

இன்றும் குடும்பமாகக் கிளம்பும்போது கவிதாதான் முதலில் காரில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிப்பாள். ஒரு காலில் சப்பாத்தோடு நொண்டியபடி வீட்டுக்குள்ளிருந்து சரவணன் கத்துவார்:

"மச்சான், உன் தங்கச்சி சூடாயிட்டா! அந்தக் கம்பிய கொஞ்சம் லூஸ் பண்ணு லா!"