ஒரு மண்டலம், இரண்டு வேளை

மூலிகை மருந்தை உட்கொள்ள மனிதகுலம் இதுவரை கண்டறிந்த வழிகள் மிகச் சொற்பம். கஷாயமாகக் குடித்தார்கள், சூரணமாகத் தேனில் குழைத்து நக்கினார்கள், லேகியமாக விழுங்கினார்கள், ஆவியாகப் பிடித்தார்கள். அதற்குமேல் பல நூறு ஆண்டுகள் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. 'நிர்வாக வழி உட்கொள்ளல்' என்னும் ஐந்தாவது முறையை உலகுக்கு அளித்த பெருமை, ஓசூர்த் தொழிற்பேட்டையில் இரு சக்கர வாகன உதிரிபாகங்கள் செய்யும் எங்கள் நிறுவனத்தையே சேரும். அதன் மனிதவளத் துறையில் உதவி மேலாளராக இருக்கும் பாஸ்கரனாகிய நான், அடக்கத்தைச் சற்று ஒத்திவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எல்லாம் ஓர் இருமலில் தொடங்கியது. இருமியவர் கெம்பம்மா. பவுடர் கோட்டிங் பிரிவில் ஒன்பது வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. இரும்புச் சட்டங்கள் கொக்கியில் தொங்கிக்கொண்டு வரும். இவர் துப்பாக்கியால் அவற்றின்மேல் வண்ணத் தூளை அடிப்பார். பறக்கிற தூளை உறிஞ்சுவதற்கென்று ஒரு பெரிய விசிறி உண்டு. அது எட்டு மாதமாகச் சுற்றவில்லை. 'பரிசீலனையில்' இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை காலை, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், நேத்து காவேரிப்பட்டினம் போயி சித்த டாக்டரம்மாகிட்ட காட்டினேன். ஒரு மண்டலம் மருந்து சாப்பிடணுமாம். அது முடியற வரைக்கும் என்னைப் பேக்கிங்ல போட்டுடுங்க சார். எல்லாம் சீட்டுலயே எழுதியிருக்காங்க."

சீட்டை வாங்கிக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு, எங்கள் துறைத் தலைவர் சுசித்ரா மேடத்தின் அறைக்குப் போனேன். மேடம் தினமும் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டிப் பெங்களூரிலிருந்து வருபவர். கன்னடம் கலந்து தமிழ் பேசுவார், படிக்கமாட்டார். அன்று அவர் கவலையில் இருந்தார். ஏழு வாரத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கைக் குழு வரப்போகிறது. அவர்கள் காதில் ஓர் இருமல்கூட விழக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. விழுந்தால், இருமியவரின் ஒப்பந்தம் அத்தோடு சரி.

"ஏனு பரெதிதாரே டாக்டர்?" என்று சீட்டில் எழுதியிருப்பதைக் கேட்டார் மேடம்.

நான் கணீரென்று படித்தேன். "'ஆடாதொடைக் கஷாயம். வேளைக்கு அறுபது மில்லி, இரண்டு வேளை. ஒரு மண்டலம் கொடுக்கவும்.'"

"மண்டலம் அந்த்ரே ஸோன்தானே?"

"ஸோனேதான் மேடம்." எங்கள் ஆலை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பலகைகளில் அப்படி எழுதவைத்தவனே நான். அந்தச் சொல்லைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள் என்று சொல்வதற்காகக் கெம்பம்மா வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. நிர்வாகம் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டது.

"கெம்பம்மா ஸோன் மூணு. டாக்டர் ஸோன் மூணு முழுக்கக் கொடுக்கச் சொல்றாங்க. எவ்ளோ பெரிய மனசு!" என்று மேடம் எழுந்தே நின்றுவிட்டார். அந்த இடத்திலேயே 'மூலிகை மண்டலம்' திட்டம் பிறந்தது. பேக்கிங் பற்றிய பேச்சு அந்த மகிழ்ச்சியில் காணாமல் போனது.

மூன்றாம் மண்டலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மருத்துவர் எழுதியதோ அறுபது மில்லி. ஒரு மருத்துவரின் அளவைத் திருத்த நாம் யார்? அறுபது மில்லிக் கஷாயத்தைத் தேநீர்க் கேனில் ஊற்றி, இருபது லிட்டர் வெந்நீர் சேர்த்து, எல்லோருக்கும் சமமாக வழங்கும்படி கேண்டீன் ஒப்பந்ததாரர் மாதேஷுக்கு உத்தரவு போட்டேன். அவர் உடனே போன் செய்தார்.

"சார், ஆட்டுத்தொடை எத்தினி கிலோ சார் வாங்கட்டும்?"

"ஆட்டுத்தொடை இல்லை ஐயா, ஆடாதொடை. அது இலை."

"எலையா? அதான பாத்தேன், நம்ம கம்பெனியாவது கறி போடறதாவது."

உட்கொள்ளும் முறைகளும் பதவிக்கேற்ப வகுக்கப்பட்டன. நிரந்தரத் தொழிலாளர் எவர்சில்வர் டம்ளரில் அருந்தினர். ஒப்பந்தத் தொழிலாளருக்குக் காகிதக் கப். பயிற்சியாளர்கள் கேனின் மூடியைத் திறக்கும்போது அருகில் நின்று முகரலாம். மேலாளர்களுக்குக் கசப்பு ஒத்துக்கொள்ளாது என்பதால் தேன் மட்டும் எடுத்துக்கொண்டோம். தலைமையகத்தார் நாங்கள் குடிப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டு, தங்களுக்கே மூச்சு லேசானதாகத் தெரிவித்தார்கள்.

கெம்பம்மா என்னவோ வீட்டில் தனக்கென்று வாங்கிய மருந்தையும் அளவு தப்பாமல் குடித்துவந்தாராம். ஒரு மாதம் கழித்து, மூன்றாம் மண்டல மேற்பார்வையாளர் திம்மராயன் வந்து வினோதமான ஒரு செய்தி சொன்னார்.

"மேடம், நாயித்துக்கெழம அந்தம்மாவுக்கு இருமலே இல்லியாம். திங்கக்கெழம உள்ள வந்து துப்பாக்கியப் புடிச்சா, பத்து மணிக்கெல்லாம் வந்துடுதாம். அந்த ஃபேனை ஒருக்கா பாத்தா..."

"ஃபேன் வேற டிபார்ட்மென்ட்" என்றார் மேடம். வார விடுமுறையில் நோயும் விடுப்பு எடுப்பதாக நான் குறிப்பெழுதினேன்.

தணிக்கைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் சீட்டைத் திருப்பிப் பார்க்கும் எண்ணம் எனக்கு வந்தது. பின்பக்கத்தில் மருத்துவர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 'பத்தியம்: பொடி அறவே ஆகாது.'

எங்கள் வேகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரே மணி நேரத்தில் கேண்டீனில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி மூன்றும் தடை செய்யப்பட்டன. சாம்பாரில் கரைந்துவிட்ட பொடி பொடியாகுமா என்று ஆராய ஓர் உபகுழு அமைத்தோம். ஊத்தங்கரைக்காரர் ஒருவர் மூக்குப்பொடி டப்பாவுடன் கேட்டிலேயே பிடிபட்டார். சுற்றறிக்கையைப் படித்துவிட்டுக் கெம்பம்மா ஓடிவந்தார்.

"சார், டாக்டரம்மா சொன்னது அந்தப் பொடி இல்ல சார்..."

"எந்தப் பொடியும் கிடையாது அம்மா. நிர்வாகம் உறுதியாக இருக்கிறது" என்று அனுப்பிவைத்தேன்.

தணிக்கை நாள் வந்தது. குழு மூன்றாம் மண்டலத்துக்குள் நுழைந்தது. கெம்பம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, நீலச் சட்டங்களுக்கு முன்னால் நின்றார். வந்தவர்களில் ஒருவர் "குட் மார்னிங்" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்ததுதான் தாமதம், மூன்று நிமிடம் இருமினார். வெள்ளைக்காரர் நோட்டில் ஏதோ எழுதினார்.

மறுநாள் விசாரணை. விசாரணை அதிகாரி நானே.

"நாற்பத்தெட்டு நாள் மருந்து கொடுத்தும் இருமல் நிற்கவில்லை. மருந்தில் குறை இருக்க முடியாது. அப்படியானால் பத்தியத்தில்தான் குறை. கேண்டீனில் பொடி தொட்டீர்களா?"

"இல்ல சார்."

"வீட்டில்?"

"வீட்ல டாக்டரம்மா சொன்னமாரிதான் சார். மொளகாப் பொடிகூட எம்பொண்ணுதான் போடறா."

"பொடியே படவில்லை என்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்."

கெம்பம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பயம் போய்விட்ட ஒருவரின் பார்வை அது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"பட்டுது சார். காத்தால எட்டு மணியில இருந்து சாய்ந்தரம் நாலர வரைக்கும் பட்டுது. கறுப்புப் பொடி, செவப்புப் பொடி, நீலப் பொடி. மூக்குல பட்டுது, தொண்டையில பட்டுது, துப்புனா அதே கலர்ல வருது. நீங்க நிக்கச் சொன்ன எடத்துலதான் சார் நின்னேன். மொத நாளே பேக்கிங்ல போடுங்கன்னு கேட்டேன். இந்த வேலையும் போயிட்டா நான் எங்க போவேன்?"

"கேட்டதற்கு மட்டும் பதில். பொடி பட்டதா, இல்லையா?"

"பட்டுது."

எழுதி நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். 'மருத்துவர் விதித்த பத்தியத்தைத் தொழிலாளி தினமும் எட்டரை மணி நேரம் மீறியதாக ஒப்புக்கொண்டுள்ளார். எனவே ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.' என் பணிக்காலத்தில் நான் எழுதிய உத்தரவுகளில் இதுவே தலைசிறந்தது.

மேடம் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "கேஸ் கீஸ் போட்டால்? ப்ரூஃப் இதெயா?" என்றார்.

"பலமாக இருக்கிறது மேடம்" என்று வருகைப் பதிவேட்டை உத்தரவோடு இணைத்தேன். அந்த நாற்பத்தெட்டு நாளில், வார விடுமுறை தவிர, கெம்பம்மா ஒரு நாள்கூட லீவு போடவில்லை.