யூஜினின் துவைக்காத சட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நார்பர்ட் கொசியெல் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள்: நார்பர்ட், வயது எழுபத்திரண்டு, பக்கத்து வீட்டு டுவேன் ஹட்சின்ஸ், எழுபது, டுவேனின் நாய் மூஸ், வயது யாருக்கும் தெரியாது, மேஜைமேல் விரித்துப் போட்ட நீல ஜெர்சி ஒன்று, வயது முப்பதுக்கு மேல். மற்ற மூவரும் அவரவர் அளவுக்கு அழுக்காக இருந்தார்கள். சட்டை மட்டும் சுத்தமாக இருந்தது. அதுதான் சிக்கல்.

"மோந்து பாரு," என்றார் நார்பர்ட்.

டுவேன் குனிந்து மோந்தார். "லாவெண்டர் சோப்பு."

"பன்னெண்டரைக்குக் கார்மைன் வந்துடுவான். ஒரு மணிக்கு ஆட்டம்."

டுவேன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அமெரிக்கக் கால்பந்து சீசனின் முதல் ஆட்டம். ஏழு மாதமாக, பஃபலோவை ஒட்டிய இந்த லாக்கவானா ஊரில் ஆண்கள் காலண்டரைப் பார்த்தே நாளைக் கடத்தியிருந்தார்கள்.

அந்தச் சட்டை யூஜின் ஷிமான்ஸ்கியுடையது. 1991 ஜனவரியில், இதே வீட்டு அடித்தள அறையில், நார்பர்ட், டுவேன், கார்மைன், யூஜின் நால்வரும் இறுதிப் போட்டி பார்த்தார்கள். கடைசிச் சில விநாடிகளில் ஓர் உதை. பந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் அவர்கள் அணி பஃபலோ பில்ஸ் சாம்பியன். போய்விட்டது என்று நினைத்து யூஜின் துள்ளி எழுந்தார். கூரையில் ஓடிய வெந்நீர்க் குழாயில் நெற்றி மோதியது. பந்து வலப்பக்கமாக விலகிப் போயிற்று. கையிலிருந்த சாசேஜ் ரொட்டியில் தடவிய மஸ்டர்ட் கடுகுச் சாந்து மார்பில், நெற்றி ரத்தம் காலரில். யூஜின் அப்படியே ஜெர்சியைக் கழற்றி, தொலைக்காட்சிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். நம்ம ஆளுங்க கோப்பையோட வர்ற வரைக்கும் இதுல தண்ணி படக்கூடாது என்றார்.

அடுத்த மூன்று வருடமும் பில்ஸ் இறுதிப் போட்டிக்குப் போனது. மூன்றிலும் தோற்றது. அதற்குப் பிறகு அங்கே போய்த் தோற்கிற பாக்கியமும் இல்லை.

சட்டை துவைக்கப்படவில்லை. வருடம் முழுக்க பிளாஸ்டிக் உறையில் தூங்கும். முதல் ஆட்டத்தன்று வெளியே வரும். ஆணியில் மாட்டியதும் நால்வரும் வரிசையாகச் சட்டையின் இடது கையைத் தொட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் யூஜின் இறந்தார். அதன் பிறகு மூவர் தொட்டார்கள், கொஞ்சம் கூடுதல் நேரம். எதற்கென்று யாரும் சொன்னதில்லை. லாக்கவானாவில் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் வழக்கமில்லை.

நார்பர்ட்டின் மனைவி டோலரஸ், பேரக்குழந்தை பிறந்ததென்று ஈரி நகரத்துக்குப் போயிருந்தாள். காலையில் நார்பர்ட் சட்டையை எடுத்து சோபாப் போர்வைமேல் வைத்தார். போர்வையில் காபியைக் கொட்டினார். நல்ல பிள்ளையாக, சட்டை உள்ளே இருப்பதை மறந்து போர்வையைச் சுருட்டி வாஷிங் மெஷினில் போட்டார். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் அவர் தானாக மெஷினைத் திறந்தது அதுவே முதல் தடவை.

"கார்மைன்கிட்ட உண்மையைச் சொல்லிடலாமா?" என்றார் டுவேன்.

நார்பர்ட் தலையை ஆட்டி மறுத்தார். கார்மைன் ஃபஸோலினோ, ஆட்டத்தின் நடுவில் நாற்காலி மாறி உட்கார்ந்தான் என்பதற்காகச் சொந்தத் தம்பியோடு பத்தொன்பது வருடம் பேசாதவர். யூஜினின் சவப்பெட்டியின் முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்துச் சுமந்தவர். அவர் கோபித்துக்கொண்டு போனால் மிச்சம் இருப்பது இரண்டு கிழவர்களும் ஒரு நாயும். அதற்குப் பெயர் ஞாயிற்றுக்கிழமை இல்லை.

பழைய கறைகளைத் திரும்ப வரவழைப்பது என்று முடிவாயிற்று, முதலில் மஸ்டர்ட். எங்கே வைப்பது என்பதில் சண்டை வந்தது. இடது மார்பு என்றார் நார்பர்ட். வலது வயிறு என்றார் டுவேன். யூஜின் அன்று எந்தக் கையில் ரொட்டி வைத்திருந்தார் என்பதில் தொடங்கி, அன்று வெளியே எவ்வளவு பனி, யார் கார் கிளம்பவில்லை, எந்த மதுக்கடைக்காரர் அழுதார் என்று பேச்சு போயிற்று. இருவரும் கொஞ்ச நேரம் சட்டையை மறந்து சந்தோஷமாக இருந்தார்கள். கடிகாரம் பதினொன்று இருபது காட்டியதும் அவசரமாக இரண்டு இடத்திலும் பூசினார்கள்.

மஸ்டர்ட் பளபளவென்று, இன்றைக்கு வாங்கிய மஸ்டர்ட் மாதிரியே இருந்தது.

நார்பர்ட் டோலரஸுக்குப் போன் செய்தார். குழந்தையின் எடையை விசாரித்தார். பிறகு, சும்மா ஒரு பொது அறிவுக்காக, துணியில் கறை போகாமல் நிற்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

எதிர்முனையில் டோலரஸ் குழந்தையைத் தோள் மாற்றும் சத்தம் கேட்டது.

"மஞ்சள் மஸ்டர்ட் துணியில பிடிக்காது. பழுப்பு போடு. மேல ஆறின காபி. வெயில்ல காய வை. ஓவன் அடுப்புல மட்டும் வச்சுத் தொலைக்காதே," என்றாள். எதற்கென்று கேட்கவில்லை. குழந்தை வீறிட்டதும் வைத்துவிட்டாள். எப்படியோ தப்பித்தோம் என்று நார்பர்ட் மூச்சு விட்டார்.

பழுப்பு மஸ்டர்ட் இருந்தது, காபி இருந்தது. வெயில்தான் இல்லை. ஏரிப்பக்கம் இருந்து தூறல் அடித்துக்கொண்டிருந்தது.

ஓவனில் வைத்தார்கள்.

எட்டு நிமிடத்தில் பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். சட்டையை இழுத்தபோது முதுகில் இருந்த எண் அப்பளம் போலச் சுருண்டிருந்தது. முன்பக்கம் தெரிய மாட்டினால் முதுகு தெரியாது என்று டுவேன் சமாதானம் சொன்னார். அடுத்தது காலர் ரத்தம். நார்பர்ட் ஊசியால் விரலைக் குத்தித் தேய்த்தார்.

"யூஜின் ஓ பாசிட்டிவ்," என்றார் டுவேன்.

"துணிக்கு அது தெரியுமா?"

"கார்மைனுக்குத் தெரியும்."

இன்னமும் லாவெண்டர் வாசனை போகவில்லை. முப்பது வருட வாசனை வேண்டும் என்றால் மூஸின் படுக்கையில் கொஞ்சம் போட்டுப் புரட்டினால் போதும் என்று டுவேனுக்குத் தோன்றியது. அவர் சொன்னவற்றில் அதுதான் புத்திசாலித்தனமாகக் கேட்டது. சட்டையைக் கொடுத்தார்கள். மூஸ் படுத்தது, புரண்டது, காபியும் மஸ்டர்டும் மணப்பதைக் கண்டுகொண்டது. இவர்கள் கை கழுவித் திரும்புவதற்குள் சட்டையின் இடது கையை முழங்கை வரை தின்றுவிட்டது.

எத்தனையோ இடம் இருக்க, தொடுகிற கையைத்தான் தின்றது.

பன்னிரண்டு இருபதுக்கே பின்கதவைத் தள்ளிக்கொண்டு கார்மைன் உள்ளே வந்தார், இரண்டு கைகளிலும் கோழி இறக்கைத் தட்டு. முதலில் நாயைப் பார்த்தார். பிறகு நாயின் வாயைப் பார்த்தார். தட்டை மேஜையில் வைத்தார்.

நார்பர்ட் சொல்லத் தொடங்கினார். போர்வை, காபி, மெஷின் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கார்மைன் நின்றபடியே கேட்டார். சட்டையை எடுத்து, இல்லாத கையைத் தடவிப் பார்த்தார்.

"அவன் ரத்தம் இதுலதான்டா இருந்துச்சு."

"இப்ப என் ரத்தம் இருக்கு," என்றார் நார்பர்ட். சமாதானமாகச் சொன்னதுதான். சொன்ன பிறகு அவருக்கே கேவலமாக இருந்தது.

கார்மைன் சட்டையை மடித்து, குழந்தைத் துணி மாதிரி மெதுவாக வைத்தார். தட்டைத் திரும்ப எடுத்தார்.

"நான் வீட்டுலயே பாத்துக்கறேன்."

"கார்மைன், உக்காருடா."

"எங்க உக்காரச் சொல்ற? எதைத் தொட்டுட்டு உக்காரச் சொல்ற?"

நார்பர்ட் கதவுக்குக் குறுக்கே போய் நின்றார், அவ்வளவுதான். எழுபத்திரண்டு வயதில் ஒரு ஆளைத் தடுக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. கார்மைன் தட்டோடு எதிரே நின்றார். டுவேன் நாயைத் திட்டிக்கொண்டிருந்தார். இந்த மூவரும் நாற்பது வருடத்தில் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டது இதுபோல் இரண்டு மூன்று தடவை இருக்கும்.

அப்போது நார்பர்ட்டின் முதுகுக்குப் பின்னால் கதவு தட்டப்பட்டது. யூஜினின் மனைவி வாண்டா. ஒவ்வொரு முதல் ஆட்டத்துக்கும் வீட்டில் செய்த போலந்து கேக் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒரு மணிக்குத் தேவாலய மண்டபத்தில் பிங்கோ ஆடப் போய்விடுவாள். கால்பந்தை அவள் கல்யாணத்துக்கு முன்பே வெறுத்தவள்.

உள்ளே வந்தவள் மூன்று முகங்களையும் பார்த்தாள். "யாருப்பா செத்தது?"

நார்பர்ட்தான் சட்டையை எடுத்து இரண்டு கைகளிலும் ஏந்தி அவளிடம் நீட்டினார். தானே துவைத்ததாகச் சொன்னார். ஓவன், நாய், விரல், எதையும் விடவில்லை. கடைசியில், "மன்னிச்சுடு வாண்டா. அவனோடதுன்னு எங்ககிட்ட இருந்தது இது ஒண்ணுதான்," என்றார். நான்கு வருடமாகச் சொல்லாத அந்த வார்த்தை அந்தச் சமையலறையில் முதல் தடவையாக வெளியே வந்தது. டுவேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாண்டா சட்டையைப் புரட்டிப் பார்த்தாள். சுருண்ட எண்ணைப் பார்த்தாள். கேக்கை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துக் கார்மைன் தட்டை வைத்துவிட்டுக் கண் துடைக்கக் காகிதம் எடுக்க ஓடினார். கொண்டுவந்து கொடுத்தபோதுதான் தெரிந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்து, மணியைப் பார்த்து, பிங்கோவுக்கு நேரமாயிற்று என்று எழுந்தாள்.

கார்மைன் அவளையே பார்த்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

வாண்டா வாசற்படியில் நின்று குடையை விரித்தபடி திரும்பினாள்.

"இது நானும் டோலரஸும் பழைய துணிக்கடையில வாங்கி, இதே மேஜையில உக்காந்து கறை பண்ணினதுப்பா. யூஜினோடதை யூஜினே சவப்பெட்டியில கோட்டுக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. 'இங்க விட்டுட்டுப் போனா நார்பர்ட் என்னைக்காவது ஒரு நாள் துவைச்சுடுவான்'னாரு."

அவள் படியிறங்கியதும், கார்மைன் எழுந்து போகாதபடி நார்பர்ட் கதவைச் சாத்தி, பூட்டினார்.