முக்கோணம் ஷட்டில் கோர்ட்டுக்குப் போன கதை

ஏற்காட்டுல ஒரு காப்பி எஸ்டேட்ல நான் கணக்கெழுதற ரைட்டரா சேந்து மூணாவது வாரமுங்க. எண்பதுகள்ல நடந்தது.

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணு. ஓனர் கிராஃப் தாள்ல வரைஞ்ச முக்கோணத்தை நகல் எடுத்து மேஸ்திரிகிட்டக் குடுக்கணும்.

தாள் நடுவுல ஒரு புள்ளி, அது ஆபீசு. அங்கிருந்து சோத்தாங்கைப் பக்கம் ஆறு கட்டம், மேல நாலு கட்டம் போனா முக்கோணம். அதுக்குள்ள காப்பி நாத்துக்கு இருவது குழி வெட்டணும். மத்தியானம் ஓனர் சேலத்துல இருந்து ஜீப்புல வந்து பாப்பாரு.

தப்பாப் போச்சுன்னா வேலை காலி. ஏன்னா, கணக்குல நூத்துக்கு நூறுன்னு அளந்து விட்டுத்தான் சேந்திருந்தேன். நெசத்துல முப்பத்தேழு.

ஓனர் தாளுக்கு அடியில கார்பன் பேப்பரை மைப்பக்கம் மேல பாக்க வெச்சு வரைஞ்சுட்டேன். கீழ இருந்த தாள் வெள்ளையாவே இருக்குது, ஓனர் தாளோட முதுகுல முக்கோணம் விழுந்திருக்குது. எங்க விழுந்தா என்ன, முக்கோணம் முக்கோணந்தானேன்னு அந்த முதுகைப் பாத்தே புதுத்தாள்ல கட்டம் எண்ணி வரைஞ்சு குடுத்தேன்.

மேஸ்திரி பக்கத்துக் கொட்டச்சேடு ஊர்க்காரர், தாளை நொம்ப நேரம் பாத்தாரு. "ஏனுங்க ரைட்டரே, இது பீச்சாங்கைப் பக்கம் வருதுங்களே. அங்க ஓனரம்மா ஷட்டில் அடிக்கற கோர்ட்டு இருக்குதுங்க."

"கணக்கு படிச்சது நானா, நீங்களா?"

பத்து ஆளு எறங்கி வெட்டுனாங்க.

இருவதாவது குழி முடியறப்ப ஓனரம்மா பேட்டோட வந்து நின்னாங்க. சோத்தாங்கைப் பக்கம்னு தானே எங்க வீட்டுக்காரர் சொன்னாருன்னு கேட்டாங்க.

சமாளிக்கணுமே! மேஸ்திரி தாளைத் தலைகீழாப் புடிச்சுட்டாருங்கன்னு பழியை அவர் மேல போட்டுட்டு, தாளை அரைச்சுத்து சுத்துனேன். முக்கோணம் சோத்தாங்கைப் பக்கம் வந்துருச்சு. மேல இல்ல, கீழ போயிருச்சு. அதை யாரு பாத்தா?

இப்ப அது ஜீப்பு ஏறி வர்ற தடத்து மேல வருது. மேஸ்திரி "செரிங்க"ன்னாரு. அந்தச் செரிங்க கொஞ்சம் நீளமாத்தான் இருந்துச்சு. மறுக்கா பத்து ஆளும் எறங்கி அங்க இருவது குழி வெட்டுனாங்க.

ஓனர் சொன்ன நேரத்துக்கு வந்தாரு. ஜீப்போட முன்சக்கரம் ஏழாவது குழிக்குள்ள உக்காந்துச்சு.

எறங்கி வந்து என் தாளை வாங்கி, வெயிலுக்கு நேரா புடிச்சுப் பின்பக்கமாப் பாத்தாரு. அவரு வரைஞ்ச முக்கோணம் அப்படியே தெரிஞ்சுது.

"கண்ணாடில விழுந்த முக்கோணத்தை எத்தனை சுத்து சுத்துனாலும் பழையபடி ஆகாதுங்க ரைட்டரே. திருப்பித்தான் போடணும். நூத்துக்கு நூறு வாங்குனவருக்கு இது தெரியாதுங்களா?"

"முப்பத்தேழுங்க."

மேஸ்திரி இருமுனாரு.

பொட்டியைக் கட்டட்டுங்களான்னு மெதுவாக் கேட்டேன்.

"நீங்க போயிட்டா இத்தனை குழியும் யாரு மூடறது?"

மூணு நாள் மூடுனேன். நாலாவது நாள் சரியான எடத்துல குழி வெட்டுனோம். தாள் மேஸ்திரி கையில, மம்பட்டி என் கையில.