ஆளுக்கு நூறு விநாடி

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு கதையைத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அது எனக்கே அறுபத்திரண்டாவது வயதில்தான், மூன்று நடுவர்கள் முன்னால் தெரியவந்தது.

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். ஓய்வு பெற்றதும் இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு திரைக்கதை எழுதினேன். எழுபத்தொரு காட்சிகள், ஒன்பது நோட்டுகள். நோட்டுகள் சாப்பாட்டு மேசையில் இருந்ததால் நாங்கள் தரையில் சாப்பிட்டோம். புதிதாக எழுதுகிறவர்கள் சினிமாக்காரர்களிடம் ஐந்து நிமிடம் கதை சொல்லலாம், ஓசூரில் ஒரு ஓட்டலில் நடக்கிறது என்று அறிவிப்பு வந்தது. என் மனைவி சரோஜா ஒரு நிபந்தனை போட்டாள்.

"எடுத்துக்கிட்டாங்கன்னா எழுதுங்க. இல்லன்னா இதெல்லாம் பரணுக்குப் போகணும். சரியா?"

சரி என்றேன். சாட்சிக்கு அவளும் வந்தாள்.

நாற்பத்தாறு பேரில் நான் முப்பத்தொன்றாவது. (முன்னால் சொன்ன முப்பது பேரில் பதினோரு பேருடைய கதாநாயகனுக்கு நினைவு தப்பியது.) காத்திருந்த நேரத்தில் நடுவர்களைக் கவனித்தேன். இடப்பக்கத்து இளைஞர் தமிழில் டீ கேட்டார். நடுவில் இருந்த அம்மா போனில் தெலுங்கு பேசினார். வலப்பக்கத்துப் பெரியவர் ஏசியைக் குறைக்கச் சொல்லிக் கன்னடத்தில் கடிந்துகொண்டார்.

தொழிற்சாலையில் காலைக் கூட்டம் நடத்தும்போது யார் முகத்தைப் பார்க்கிறோமோ அவர் மொழியில் பேசுவோம். மூன்று மொழியும் புழங்கும் எங்கள் எல்லைப் பக்கத்தில் அது மரியாதை. ஐந்து நிமிடம் என்றால் முந்நூறு விநாடி. மூன்று பேர். ஆளுக்கு நூறு. ஒருவருக்கும் குறை வைக்கக் கூடாது என்று தீர்மானித்தேன்.

முதல் நூறு விநாடி இளைஞரைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்: கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை காணாமல் போகிறான். அடுத்த நூறு, அம்மாவைப் பார்த்துத் தெலுங்கில்: அவன் தக்காளி லாரியில் ஒளிந்திருக்கிறான், போலீஸ் துரத்துகிறது. கடைசி நூறு, பெரியவரைப் பார்த்துக் கன்னடத்தில்: மணப்பெண் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு அவனை மறந்தே போகிறாள். ஒருவரிடம் பேசும்போது மற்ற இருவரும் 'இது நமக்கில்லை' என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டில் முடித்துவிட்டுப் பெருமையாக நின்றேன்.

"நல்ல காமெடி சார்," என்றார் இளைஞர். "ஆனா மாப்பிள்ளை போனதோட நின்னுருச்சே?"

"காமெடியா?" என்றார் அம்மா, நல்ல தமிழில். "லாரிக்குள்ள மூச்சு முட்டிக் கெடக்கறான். என்ன தப்பு பண்ணான்னுதான் சொல்லல."

"யாரு அவன்?" என்றார் பெரியவர். "ஒரு பொண்ணு லாரி ஓட்ற கதை தானே இது? ஆம்பளையே கெடையாதே."

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இதுல எது சார் உங்க கதை?" என்றார் இளைஞர்.

"மூணும்தாங்க."

"மூணு படமா?"

நான் நோட்டைப் புரட்டினேன். போலீஸ் ஏன் துரத்துகிறது? எழுதிய எனக்கே காரணம் ஞாபகம் வரவில்லை. (நினைவு தப்பியவர்களில் நான் பன்னிரண்டாவது.) மணி அடித்தது. முப்பத்திரண்டாவது ஆளைக் கூப்பிட்டார்கள்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மதுரைக்காரி. இத்தனை வருடத்தில் தமிழ் தவிர வேறு எதுவும் கற்காதவள். மனசுக்குள் பரணில் இடம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். சூளகிரி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, அந்த மாப்பிள்ளை ஏன் ஓடுனான்?"

இரண்டு வருடத்தில் கதையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன். முழுவதும், அவளைப் பார்த்து, தமிழிலேயே. குருபரப்பள்ளியில் இறங்கிய பிறகும் முடியவில்லை. வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் மணப்பெண் லாரியைக் கிளப்பினாள்.

"இத அங்கயே சொல்லியிருக்கலாம்ல," என்றாள் சரோஜா.

நிபந்தனைப்படி மறுநாள் ஒன்பது நோட்டுகளும் பரண் ஏறின. ஏற்றிக் கொடுத்தது நான், வாங்கி அடுக்கியது அவள்.

இது நடந்து நான்கு வருடமாகிறது. சேலத்திலிருந்து மகள் போன் செய்து நான் பேச ஆரம்பித்தால் போதும், "அப்பா, முழுசா என்கிட்டயே சொல்லிருங்க. மிச்சத்த அவருக்குன்னு எடுத்து வைக்காதீங்க," என்கிறாள். பின்னாலிருந்து மருமகன் குரல் கேட்கும்: "மாமா, என்னோட நூறு விநாடி எப்போ?"